குவாத்தமாலா தொர்தீயா வீட்டில் ஏன் வருவதில்லை?

நடு அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலா போய் வந்தவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: அங்கே சாப்பிட்ட தொர்தீயா, அதாவது மக்காச்சோள ரொட்டி, வீட்டில் தட்டினால் ஏன் விண்டு போகிறது? கடையில் விற்கும் மக்காச்சோள மாவில் எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் சேராது. அங்கே தட்டுவது சுண்ணாம்பில் வெந்த சோளத்தை அரைத்த மாவு. வேகவைத்த அந்தச் சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்தமால்.

முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, நீர்த்த சுண்ணாம்புத் தூள் 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். அப்படியே மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஒரு மணியைத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரணும். பிளந்து பார்த்தால் நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கணும். அதுவும் வெந்துவிட்டால் மாவு பசையாகிக் கையை விடாது.

---

அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும். ஸ்வீட் கார்னிலும் இது நடக்காது.

சொதப்புவது பெரும்பாலும் கழுவும்போதுதான். மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று அலசு போதும். ஒரு பொட்டுத் தோல் இல்லாமல் தேய்த்துக் கழுவினால், மாவைப் பிடித்துவைக்கும் பசையும் போய்விடும். கழுவாமல் விட்டால் சோப்பு வாடை, கசப்பு.

---

சுண்ணாம்புக்கு அலைய வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பும் அதே சரக்குதான். ஈரமாக இருப்பதால் 20 கிராம் எடுங்கள். வாசனை, நிறம் சேர்த்தது கூடாது; வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் கூடாது.

அரைப்பதற்கு அங்கே நம் அம்மி போலவே சாய்ந்த கல் ஒன்று உண்டு, மூன்று காலோடு. மண்டியிட்டுத் தள்ளி அரைப்பார்கள். இப்போது பல ஊர்களில் விடிகாலையிலேயே பெண்கள் பேசினில் நிக்ஸ்தமாலோடு மில்லுக்குப் போய்விடுகிறார்கள். நம் வீட்டில் கிரைண்டர்தான் சரி. மிக்ஸியில் தண்ணீர் விடாமல் ஓடாது, விட்டால் தோசை மாவாகிவிடும்.

சுடுவது மண்ணால் செய்த தோசைக்கல்லில். கல்லின் மேல் சுண்ணாம்புக் கரைசல் பூசியிருப்பார்கள்; ஒட்டாமல் இருக்க. ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம், திரும்பவும் திருப்பினால் உப்பணும். உப்பவில்லை என்றால் மாவு காய்ந்திருக்கிறது, இல்லை கல் சூடு போதவில்லை.

---

சுண்ணாம்பு தோலை உரிக்க மட்டும் இல்லை. சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் சத்தை உடம்புக்குக் கிடைக்கச் செய்வதே அதுதான். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளமே கதியென்று இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புண்ணாகும் பெலாக்ரா வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735இல் அதைக் குறித்துவைத்தார். குவாத்தமாலாவின் பூர்வகுடிகளான மாயா மக்களுக்குச் சோளம் வெறும் சாப்பாடு இல்லை. அவர்களில் கிச்சே பிரிவினரின் புனித நூலான போபோல் வூவில் மனிதனைச் செய்ததே மஞ்சள், வெள்ளைச் சோள மாவில்தான். அதைத் தெய்வக் கிழவி ஷ்முகானே ஒன்பது தடவை அரைத்தாளாம்.

---

போகிறவர்களுக்கு: கடைப் பலகையில் 'மூன்று வேளை' என்று எழுதியிருந்தால் காலை, மதியம், இரவு மூன்று நேரமும் சூடாகத் தொர்தீயா கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால் தப்பாக நினைக்காதீர்கள், உள்ளே தமால் விற்பனை. அதே மாவில் கொழுப்புச் சேர்த்து, குழம்பும் இறைச்சியும் வைத்து, இலையில் மடித்து அவித்தது. உருளைக்கிழங்கில் செய்தால் பாச்சே. கெட்சால்தெனாங்கோ நகரத்தில் அதற்கு வியாழக்கிழமை.

சிபிலின் கீரை கலந்த சின்னத் தமாலைத் தவறவிடாதீர்கள். அந்தக் கீரை நம் கிலுகிலுப்பைச் செடியின் இனம்தான். அதற்காக இங்கே வேலியில் இருக்கும் கிலுகிலுப்பையைப் பறித்து மாவில் போட்டுவிடாதீர்கள், அந்த இனத்தில் பல செடிகள் ஈரலைக் கெடுக்கும் விஷம்.