கட்டைவிரல் போட்டால் ஒப்புதலா?

துவாஸ் குமரன் | செவ்வாய், இரவு 9.14

போன வாரம் இங்கே கிளமெண்டி கவிதா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "டீம்ஸ், ஸ்லாக் மாதிரி அலுவலக உரையாடல் செயலிகள் வேலையிடத்துக்கு வந்த பிறகு கையெழுத்து, தொலைபேசி எதுவும் தேவையில்லை. குழுவில் போட்ட செய்திக்கு 👍 என்று கட்டைவிரல் விழுந்தால் அதுவே ஒப்புதல். இது புரியாமல் அடம்பிடிப்பவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள்."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அடம்பிடிக்கிறவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு பார்க்கிறவன். எங்கள் நிறுவனத்தில் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு எல்லோரும் டீம்ஸுக்கு வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சரி, வந்தோம். ஒருநாள் சாயங்காலம், நாளைக்குக் கிரேன் நிற்கும் இடம் மாறுகிறது, பழைய நடைபாதையில் யாரும் போகக்கூடாது என்று குழுவில் போட்டேன். சில நிமிடங்களில் வரிசையாகக் கட்டைவிரல். மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் கட்டைவிரல் போட்டவரே பக்கத்து ஆள் முகத்தைப் பார்க்கிறார்.

செய்தி வந்த சத்தம் நின்றால் போதும் என்று கொசு அடிப்பது போலத் தட்டிவிட்டுப் போகிறார்கள். இதுவா ஒப்புதல்?

கிளமெண்டி கவிதா | 9.41

குமரன் அண்ணே, என் பெயரைப் போட்டே விவாத இழை திறந்ததற்கு நன்றி. வயதைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன், ஏனென்றால் நான் மனிதவளப் பிரிவில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. விற்பனைப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது வாடிக்கையாளரோடு பேசிய பேச்செல்லாம் எங்கே போகிறது? அவர் சொந்தக் கைபேசியோடு வீட்டுக்குப் போகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பணியாளர்களின் அடையாள அட்டைப் படத்தைக் குழுவில் போடுவார்கள், அது எத்தனை பேர் கைபேசியில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இங்கே சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. செயலியை மாற்றச் சொல்வதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

கட்டைவிரல் ஒப்புதல் இல்லையா? கனடாவில் நீதிமன்றமே ஒப்புதல் என்று சொல்லிவிட்டது. 2023. தேடிப் பாருங்கள்.

துவாஸ் குமரன் | 9.50

நான் கேட்டது கிரேனைப் பற்றி. பதில் அடையாள அட்டையைப் பற்றி.

பழைய லோட்டஸ் | 10.22

இளையவர்கள் இருவருக்கும் வணக்கம். கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டு சண்டை போடுங்கள்.

முதலில் அந்தக் கனடா வழக்கு. சஸ்காட்சுவான் மாநிலம். ஆளிவிதை வாங்கும் நிறுவனம், விற்கும் விவசாயி. ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பி உறுதிசெய்யுங்கள் என்று கேட்டார்கள். விவசாயி கட்டைவிரல் போட்டார். பிறகு விலை ஏறிவிட்டது, சரக்கு வரவில்லை. நீதிமன்றம் 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். இதுவரை கவிதா சொல்வது சரி. அவர் சொல்லாமல் விட்ட பாதி என்ன? அதே இருவர் முன்பெல்லாம் இப்படித்தான் கைபேசியில் "ஓகே" என்று ஒரு சொல்லில் பதில் போட்டு, சரக்கும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் தீர்ப்பு. உலகத்தில் விழும் கட்டைவிரல் எல்லாம் கையெழுத்து என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

இரண்டாவது, நீங்கள் புதிது புதிது என்று குதிக்கும் இந்தச் சமாசாரம் எதுவும் புதிதில்லை. 1989இல் லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மென்பொருள் வந்தது. ஆவணத்தைப் பகிர்வது, கருத்து எழுதுவது, விடுப்புக்கு அனுமதி கேட்பது எல்லாம் அதிலேயே உண்டு. அனுமதி கொடுக்கப் பொத்தான் இருந்தது. யார், எந்த நேரத்தில் அழுத்தினார் என்று பதிவு இருந்தது. கட்டைவிரல் மட்டும் இல்லை. ஷென்டன் வேயில் ஒரு வங்கிக்கு அதை நிறுவிக் கொடுத்தவன் நான். ஐபிஎம்மிடமிருந்து வாங்கி, இன்று ஷிவ் நாடார் தொடங்கிய எச்சிஎல் நிறுவனத்திடம் அது இருக்கிறது. தமிழர் கையில்தான் இருக்கிறது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

தேக்கா செல்வம் | 10.31

வந்துவிட்டார் ஐயா. எந்த இழையாக இருந்தாலும் மூன்றாவது பத்தியில் 1989 வந்துவிடும். மீன்தலைக் கறி இழையிலும் வந்தது.

என் கடையில் வெங்காயம் அனுப்பச் சொல்லி மொத்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால் அவர் கட்டைவிரல் போடுவார். மறுநாள் வெங்காயம் வந்தால் அது ஒப்புதல், வராவிட்டால் அது வணக்கம். இதற்கு எதற்குக் கனடா வரைக்கும் போக வேண்டும்?

கிளமெண்டி கவிதா | 10.38

லோட்டஸ் சார், "இதுவரை கவிதா சொல்வது சரி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதுபோதும் எனக்கு. பழக்கத்தை வைத்துத் தீர்ப்பு என்றால் குமரன் அண்ணன் குழுவிலும் பழக்கம் இருக்கிறதே. ஒவ்வொரு செய்திக்கும் கட்டைவிரல் போட வேண்டும் என்று அவர்தானே பழக்கியிருப்பார்? அப்படியானால் அது ஒப்புதல்தான்.

பழைய லோட்டஸ் | 10.55

பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்து ஒட்டுவது விவாதம் ஆகாது. அந்தப் பழக்கம் என்பது சொன்னபடி சரக்குக் கொடுத்த பழக்கம். குமரன் தளத்தில் சரக்கு எங்கே? தெரியாது என்று நின்றார்களே, அதுதான் சரக்கா?

மீன்தலைக் கறி இழையில் செல்வம் எழுதியதற்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். குழுவாகப் பேசி வேலை செய்யக் கூகுள் வேவ் என்று ஒன்று வந்தது. 2009 மே மாதம் காட்டினார்கள், 2010 ஆகஸ்டில் கைகழுவினார்கள். யாம்மர் என்ற அலுவலக உரையாடல் செயலியை 2012இல் மைக்ரோசாஃப்ட் 1.2 பில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. இன்று அந்தப் பெயரே இல்லை, விவா எங்கேஜ் என்று மாற்றிவிட்டார்கள். அதே மாதிரி ஃபேஸ்புக்கின் ஒர்க்பிளேஸ் 2016இல் வந்தபோது நம் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கும் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது. 2024 மே மாதம் அதற்கும் மூடுவிழா அறிவித்தார்கள். ஊழியர்களை ஒவ்வொரு முறையும் உட்கார வைத்து, பாடம் எடுத்து, "இனி இதுதான் நம் வீடு" என்று சொல்லி, பிறகு அந்த வீட்டையே பூட்டிவிட்டால் அடுத்த செயலியை எவன் நம்புவான்? கட்டைவிரல் போடுவான், அவ்வளவுதான். வயது ஐம்பது என்பதெல்லாம் சும்மா.

தேக்கா செல்வம் | 11.02

2020இல் கொரோனா நேரத்தில் நிறுவனங்கள் இப்படிச் செயலி வாங்க அரசாங்கத்தில் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் 80 விழுக்காடு வரைக்கும் கொடுத்தார்கள். அப்போது வாங்கியவர்கள் பாதிப் பேர் மானியத்துக்காக வாங்கினார்கள். மானியம் முடிந்தது, செயலியும் முடிந்தது. எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவர் கடவுச்சொல்லையே மறந்துவிட்டார்.

ஐயா, தமிழர் பெருமை பேசும்போது ஷிவ் நாடாரோடு நிறுத்திவிட்டீர்களே, ஸோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு உங்கள் கணக்கில் தமிழர் இல்லையா? ஸோஹோ கிளிக் என்று அலுவலக உரையாடலுக்கே ஒன்று வைத்திருக்கிறார்கள். நாடார் வாங்கியது அடுத்தவர் செய்த பொருள். ஸோஹோ சொந்தமாகச் செய்தது.

பழைய லோட்டஸ் | 11.20

எச்சிஎல் 1976இல் தொடங்கியது. அப்போது வேம்பு பள்ளிக்கூடத்தில் இருந்தார். வாங்குவதற்கும் தகுதி வேண்டும் தம்பி. 1.8 பில்லியன் அமெரிக்க டாலர்.

தேக்கா செல்வம் | 11.24

ஐபிஎம் 1995இல் லோட்டஸை வாங்கியது 3.5 பில்லியனுக்கு. இருபத்து நாலு வருடம் கழித்து 1.8க்கு விற்றது. தேக்காவில் இதற்குப் பெயர் நஷ்டம்.

பழைய லோட்டஸ் | 11.47

தவறு. 1.8 பில்லியன் நோட்ஸுக்கு மட்டும் கொடுத்த விலை இல்லை. பிக்ஃபிக்ஸ், ஆப்ஸ்கேன் என்று இன்னும் பல மென்பொருள்கள் அதே பொட்டலத்தில் வந்தன. 1995இல் வாங்கியது முழு லோட்டஸ் நிறுவனத்தை. அந்த விலையையும் இந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கணக்கே இல்லை. அறிவிப்பு 2018 டிசம்பர், கைமாறியது 2019. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

துவாஸ் குமரன் | புதன், காலை 6.35

இரவெல்லாம் இதையா பேசிக்கொண்டிருந்தீர்கள்? நான் கிரேனைப் பற்றிக் கேட்டேன்.

கவிதாம்மா, கட்டுமானத் தளத்தில் கிரேனால் பாரம் தூக்க வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பிக்கிறார், இன்னொருவர் அதை மதிப்பிடுகிறார், பிராஜெக்ட் மேனேஜர் கொடுக்கிறார். இடத்தைப் போய்ப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை கை. நடுவில் ஒருவர் வீட்டில் படுத்துக்கொண்டு கட்டைவிரல் போட்டால் என்ன ஆகும் என்று ஏசி அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கிளமெண்டி கவிதா | காலை 8.52

ஏசி அறை என்ற பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது.

பெர்மிட்டை டீம்ஸில் கட்டைவிரலால் கொடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள் போட்டது பாதை மூடல் அறிவிப்பு. அறிவிப்புக்குக் கட்டைவிரல் போதும். படிக்காமல் போட்டது அவர்கள் தவறு, செயலியின் தவறு இல்லை. நாளைக்கு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் படிக்காமல்தான் போடுவார்கள். அதற்காகப் பேனாவைத் தடைசெய்வீர்களா?

துவாஸ் குமரன் | 9.05

"கட்டைவிரல் விழுந்தால் அதுவே ஒப்புதல்." உங்கள் வாக்கியம். மேலே இருக்கிறது. இப்போது அறிவிப்பு என்று மாற்றுகிறீர்கள்.

கிளமெண்டி கவிதா | 9.07

மாற்றவில்லை. அறிவிப்புக்கு அதுதான் ஒப்புதல்.

ஜூரோங் ஜெகன் | மதியம் 12.40

வணக்கம். அந்தக் கட்டைவிரல் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். குமரன் அண்ணன் தளம் இல்லை, வேறு தளம்.

எங்கள் குழுவில் செய்தி ஆங்கிலத்தில் வரும், அதுவும் நீளமாக. எங்களில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் வங்காளம். வேலை முடிந்து லாரியில் விடுதிக்குப் போகும்போது பார்ப்போம். புரியவில்லை என்று எழுதினால் நாளைக்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார். பதில் போடாமல் விட்டால் "ஏன் இன்னும் போடவில்லை" என்று பெயர் சொல்லிக் கேட்பார். கட்டைவிரல் போட்டால் ஒன்றும் கேட்கமாட்டார். தமிழில் இரண்டு வரி, ஒரு படம், மூடிய பாதையில் ஒரு சிவப்புக் கோடு போட்டு அனுப்பினால் நாங்கள் படிப்போம். வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரி, டீம்ஸில் போட்டாலும் சரி.

பழைய லோட்டஸ் | 12.58

பார்த்தீர்களா, நான் நேற்றே சொன்னேன். கட்டைவிரல் ஒப்புதல் இல்லை என்று போடுகிறவரே சொல்கிறார். நோட்ஸில் இந்தச் சிக்கலே வராது, ஏனென்றால்

தேக்கா செல்வம் | 1.03

ஏனென்றால் நோட்ஸைத் திறப்பதற்குள் வேலை நேரம் முடிந்துவிடும்.

கிளமெண்டி கவிதா | 1.10

ஜெகன் தம்பி, புரியாததற்குப் போட்டால் அது நீங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லும் பொய். பொய் சொன்னால் கட்டைவிரல் என்ன செய்யும்?

துவாஸ் குமரன் | 1.15

அவரைப் பொய்யர் என்கிறீர்களா? முதலில் தமிழில் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள் உங்கள் ஏசி அறையை.

கிளமெண்டி கவிதா | 1.19

நீங்கள் அந்தக் கிரேன் செய்தியை எந்த மொழியில் போட்டீர்கள் அண்ணே?

துவாஸ் குமரன் | 1.34

அது இப்போது பேச்சு இல்லை. கட்டைவிரல் ஒப்புதலா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பழைய லோட்டஸ் | 1.52

என் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். நோட்ஸில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் படிவத்தைத் திறக்காமல் அனுமதிப் பொத்தானை அழுத்த முடியாதபடி நான் அந்த வங்கிக்கு எழுதிக் கொடுத்தேன். எப்படி எழுதினேன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், நான்கு பகுதியாக வரும். முதல் பகுதி இன்றிரவு. செல்வம் நடுவில் குறுக்கிட வேண்டாம்.

தேக்கா செல்வம் | 1.55

கடை பூட்டுகிற நேரம் பத்து. அதற்குப் பிறகு போடுங்கள், முழுவதும் குறுக்கிட வசதியாக இருக்கும்.