மறு: திறந்த மூலமா, திறமூலமா?

> நிரல் கண்ணுக்குத் தெரிந்தால் திறந்த மூலம்தானே ஐயா? இன்னொரு சொல் எதற்கு?

வணக்கம். மென்பொருளில் 'ஓப்பன் சோர்ஸ்' என்பதைத் தமிழில் 'திறந்த மூலம்' என்பதா, 'திறமூலம்' என்பதா என்பதுதான் இங்கே பேச்சு. மேலே கேட்ட ஈப்போ தம்பியின் அந்தத் 'தானே'யில்தான் வம்பு.

மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2018-இல் எஸ்எஸ்பிஎல் (சர்வர் சைட் பப்ளிக் லைசென்ஸ்) என்ற உரிமத்துக்கு மாறியது. நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதையே சேவையாக விற்றால், அந்தச் சேவையை நடத்தும் மற்ற மென்பொருள்களின் நிரலையும் வெளியிட்டாக வேண்டும். மென்பொருளை இணையவழிச் சேவையாக விற்கும் மேகக்கணி நிறுவனங்களுக்கு வைத்த செக் அது. எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்கும் அமைப்பு ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ். எந்தத் தொழிலையும் ஒதுக்கிவைக்கக் கூடாது என்பது அவர்களின் பத்து விதிகளில் ஒன்று. அதனால் அவர்கள் இதை ஏற்கவில்லை.

சொல்ல இவர்கள் யார் என்றால், சட்டப்படி யாருமில்லை. ஓப்பன் சோர்ஸை வணிகச்சின்னமாகப் பதியப் பார்த்தார்கள். வெறும் விவரிப்புச் சொல் என்பதால் 1999-இல் கைவிட்டார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் 1997-இல் எழுதிய விதிகளிலிருந்து வந்த வரையறை, நிரலாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால் நிற்கிறது. 2023-இல் உரிமத்தை மாற்றிய ஹாசிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனம்கூட 'சோர்ஸ் அவைலபிள்' (நிரல் பார்க்கக் கிடைக்கும்) என்றுதான் சொல்லிக்கொண்டது.

அதே விவரிப்புச் சிக்கல் 'திறந்த மூல'த்துக்கும் உண்டு, மலாயின் 'சும்பர் தெர்புக்கா'வுக்கும் உண்டு. கேட்டவுடன் அவரவர் ஒரு பொருள் செய்துகொள்வார்கள். 'திறமூலம்' அப்படியில்லை. கேட்டவர் "அப்படின்னா?" என்பார், அப்போது பத்து விதிகளைச் சொல்லிவிடலாம். அதனால் என் ஓட்டு அதற்கே. (மூலம் என்றதும் வைத்தியசாலை விளம்பரம் நினைவுக்கு வருகிறது என்று கோலாலம்பூர் நண்பர் எழுதியிருந்தார். மூல நட்சத்திரக்காரர்கள் அதோடுதானே வாழ்கிறார்கள்!)

பார்க்க மட்டும் தாராளமாக விட்டு, பயன்பாட்டில் கட்டுப்பாடு வைப்பவற்றுக்கு 'காண்மூலம்' என்று முன்மொழிகிறேன். மெட்டாவின் செயற்கை நுண்ணறிவு மாதிரியான லாமா 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 70 கோடிப் பயனருக்கு மேல் வைத்திருந்த நிறுவனம் தனி அனுமதி கேட்க வேண்டும். இன்னின்ன வேலைக்குக் கூடாது என்றும் ஒரு பட்டியல். ஆனாலும் அவர்கள் கூப்பிடுவது ஓப்பன் சோர்ஸ் என்று. பயிற்சித் தரவையே காட்டாத அதற்குக் 'காண்மூலம்' என்ற பெயரும் அதிகம்தான். சரி, செயற்கை நுண்ணறிவைத் தனி இழையில் பேசுவோம்.

பட்டர்வொர்த் மாணவர் பட்டறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'காண்மூல'த்தைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். 'திறந்த மூலம்' வேண்டும் என்பவர்கள், எஸ்எஸ்பிஎல்லை அதில் சேர்ப்பதா, வேண்டாமா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.