எதிரில் உட்கார்ந்தவர்கள்: மறுசீரமைப்பு நீதிக் கூட்டங்களில் கண்டவை

கூட்டங்களை ஒருங்கிணைப்பவர்:

இளவயதில் குற்றம் செய்த பையன்களையும் அதனால் பாதிக்கப்பட்டவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, நடந்ததைப் பேசி, இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்று ஒப்பந்தம் போட வைப்பது என் வேலை. இதைத்தான் மறுசீரமைப்பு நீதி என்கிறோம். வெளியில் சொன்னால், “ஒரு சாரி சொல்ல வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள், அவ்வளவுதானே?” என்பார்கள். சாரி சொல்வது ரொம்பச் சுலபம். அதற்கு முன்னால் எதிராளியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் பையன்கள் நடுங்குகிறார்கள். “கோர்ட்டுக்கே போயிடறேன் சார்” என்று கெஞ்சியவர்கள் உண்டு. அங்கே வக்கீல் பேசுவார். இவன் தலையைக் குனிந்து நின்றால் போதும்.

ஒரு சைக்கிள் திருட்டு மறக்கவே மறக்காது. பதினாறு வயதுப் பையன், எடுத்த கையோடு விற்றும்விட்டான். சைக்கிள்காரர் அதிகாலை ஷிஃப்டுக்கு அதில்தான் போய்க்கொண்டிருந்தார். நேரத்துக்குப் போக முடியாமல் வேலை போய்விட்டது. கூட்டத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பூட்டுச் சாவி. “அத்தனை வண்டி நிக்குது, என்னோடதை ஏன்டா எடுத்தே?” தன்னை யாரோ நோட்டம் விட்டுக் குறிவைத்ததாகவே அவர் நினைத்திருந்தார். பையன் நெடுநேரம் சாவியையே பார்த்துவிட்டு, “பூட்டு சின்னதா இருந்துச்சு” என்றான்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு நிம்மதிதான் வந்தது. வேலை போன விஷயம் பையனுக்கு அப்போதுதான் தெரியும்; அதுவரை அவன் கணக்கில் அது வெறும் சைக்கிள். ஒப்பந்தம் எழுதும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தவணைப் பணத்தை அவனே நேரில் கொண்டுவந்து தர வேண்டும், அம்மாவிடம் கொடுத்தனுப்பக் கூடாது. அப்படியே தந்து முடித்தான்.

இந்த வழிமுறை இன்றைய வடிவில் தொடங்கியதே இப்படித்தான். 1974-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில், இரண்டு இளைஞர்கள் போதையில் 22 இடங்களில் உடைமைகளை நாசம் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை அவர்கள் நேரில் சந்திக்கட்டும் என்று மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர் (குற்றம் செய்தவர்களைக் கோர்ட் சார்பில் கண்காணிப்பவர்) யோசனை சொல்ல, நீதிபதியும் ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், இழப்பீடும் கட்டினார்கள். அவர்களில் ஒருவரான ரஸ் கெல்லி, பல வருடம் கழித்துக் கல்லூரி வகுப்பில் இந்த வழக்கைப் பற்றிக் கேட்டபோதுதான், பேசப்படுவது தன் கதை என்று தெரிந்துகொண்டாராம். அப்புறம் அவரும் இதே பணிக்குத் தன்னார்வலராக வந்துவிட்டார்.

வீட்டில் திருட்டுக் கொடுத்தவர்:

“நான் மன்னிக்க மாட்டேன், பரவாயில்லையா?” என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டிய கட்டாயமே இல்லை, பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம் என்றார்கள். அதனால்தான் போனேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என் மகள் தனியாக இருக்கும் நேரம் தெரிந்து வந்தானா? இல்லையாம். பின்கதவு திறந்திருந்ததைப் பார்த்து நுழைந்திருக்கிறான். அவன் சொன்னதை நம்பினேன். உளறி உளறித்தான் சொன்னான், சோடித்துச் சொல்பவன் இன்னும் சரளமாகச் சொல்லியிருப்பான். அன்றிலிருந்துதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அவனை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, சரி, நல்லது என்று தோன்றியது.

முன்னாள் நன்னடத்தை அலுவலர்:

சொதப்பியதையும் யாராவது சொல்ல வேண்டுமே. ஒரு கூட்டத்துக்குப் பையனை யாரோ தயார் செய்து அனுப்பியிருந்தார்கள், மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தான். எதிரில் இருந்த பெரியவர் மூன்றாவது வாக்கியத்திலேயே எழுந்து போய்விட்டார். போனது சரிதான்.

இது எல்லாக் குற்றத்துக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1990-களில் செய்த ஆய்வில், வன்முறையில் ஈடுபட்ட இளைஞர்கள் இந்தக் கூட்டங்களுக்குப் பின் மீண்டும் குற்றம் செய்வது குறைந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களிடம் குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பெரும்பாலும் அவர்களுக்கு எதிரில் வந்து உட்கார ஆளே கிடையாது.

நியூசிலாந்தில் 1989-லேயே சட்டம் போட்டுக் குடும்பக் கூட்டங்களைக் கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, நடுவில் அதிகாரிகள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும் என்பது. அடுத்து என்ன செய்வது என்று குடும்பமே தனியாகப் பேசித் திட்டம் போடும். அம்மாவும் மாமாவும் சேர்ந்து போட்ட நிபந்தனையைப் பையன் சுலபமாக மீற மாட்டான், எங்கள் உத்தரவை மீறுவான்.

இப்படி ஒரு கூட்டத்துக்கு உங்களை அழைத்தால், யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒப்பந்தத்தில் தேதி போடச் சொல்லுங்கள். அவன் தவறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.