மதுரை டூ லே: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

திருமங்கலத்தான்:
வணக்கம். தம்பி ராணுவத்தில் இருக்கிறான், இப்போது லடாக்கில் உள்ள லேயில் போஸ்டிங். செப்டம்பரில் அப்பா அம்மாவை மதுரையிலிருந்து விமானத்தில் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன். அப்பாவுக்கு 66 வயது, இதுவரை விமானம் ஏறியதில்லை. ஒரு தளத்தில் நாலரை மணி நேரம் என்று இருக்கிறது, டிக்கெட் தேடினால் 18, 20 மணி நேரம் காட்டுகிறது. எதை நம்புவது?

வரைபடப்பிரியன்:
இரண்டுமே சரிதான் நண்பரே. மதுரை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, லே 77.5. அதாவது மதுரையிலிருந்து மூக்குக்கு நேராக வடக்கே போய்க்கொண்டே இருந்தால் லே வந்துவிடும். வடக்கே ஒரு பாகைக்கு 111 கி.மீ., நடுவில் 24 பாகைக்கும் கொஞ்சம் அதிகம், ஆக ஏறத்தாழ 2,700 கி.மீ. டெல்லியும் அநேகமாக அதே கோட்டில்தான் வருகிறது: மதுரை–டெல்லி சுமார் 2,080, டெல்லி–லே சுமார் 620. கூட்டிப் பாருங்கள், அதே 2,700. டெல்லியில் இறங்கி மாறுவதால் தூரம் கூடுவதே இல்லை. முதல் விமானம் மூன்று மணி நேரம், அடுத்தது ஒன்றேகால், ஒன்றரை. உங்கள் நாலரை மணி அதுதான். நேர் விமானம் கிடையாது.

வைகைக்கரை:
மீதி நேரம் எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். லேக்குப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் மலைக்காற்று பலமாகிவிடும், சுற்றிலும் மலை, காற்றும் லேசானது, வெயில் ஏறினால் இன்னும் லேசாகி விமானத்தால் முழு எடையோடு கிளம்ப முடியாது. 2024 ஜூலைக் கடைசியில் வெயிலாலேயே சில விமானங்களை ரத்து செய்தார்கள். அதனால் முந்தின நாளே டெல்லி போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, விடிகாலை ஏறுவதுதான் நல்லது. இரண்டு டிக்கெட்டையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். நான் தனித்தனியாகப் போட்டு, முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவதற்குக் கொடுத்த பணம் மொத்தமும் போனது. திரும்பும்போது கவலையில்லை, லேயில் காலையில் ஏறினால் அன்று இரவுக்குள் மதுரை வந்துவிடலாம்.

பனிக்காற்று:
அண்ணா, மணிக்கணக்கை விட உயரத்தைப் பாருங்கள். லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில், ஊட்டியை விட ஆயிரம் மீட்டர் மேலே. டெல்லியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அங்கே இறக்கிவிட்டுவிடுவார்கள், உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. போன வருஷம் எங்கள் அம்மா விடுதி மாடிக்குப் பதினான்கு படி ஏற இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்து நின்றார், மதுரையில் மூன்று மாடி சாதாரணமாக ஏறுகிறவர். முதல் இரண்டு நாள் தண்ணீர் குடித்துவிட்டு அறையிலேயே படுத்திருக்கட்டும், இன்னும் உயரமான கர்துங் லா கணவாய்ப் பக்கமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். இன்னொன்று, அப்பாவுக்கு ஜன்னல் சீட் போடுங்கள். பனிமலைகளைத் தாண்டி இறங்கும்போது ஓடுபாதைக்குப் பக்கத்துக் குன்றின் மேல் ஸ்பிடுக் மடாலயம் இருக்கிறது, கண்ணில் பட்டால் அவர் மறக்கவே மாட்டார்.

திருமங்கலத்தான்:
ரொம்ப நன்றி. அப்பாவுக்கு பிபி உண்டு, முதலில் டாக்டர், அப்புறம்தான் டிக்கெட். டெல்லியில் அந்த ஒரு இரவு எங்கே தங்குவது?

வைகைக்கரை:
மஹிபால்பூரில் பாருங்கள், விமான நிலையத்துக்குப் பக்கம், சின்ன ஹோட்டல்கள் நிறைய. லே விமானம் எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு அறை போடுங்கள், டெர்மினல் 1 தள்ளி இருக்கிறது.