பழைய பென் 704இசட், புது ரீல்: கைப்பிடி பின்னால் வழுக்குகிறது, என்ன செய்யலாம்?

முட்டுக்காடு_தூண்டில்:
வணக்கம் நண்பர்களே. கோவளம், முட்டுக்காடு பக்கம் பாறையில் நின்று பாரை, கொடுவா பிடிக்கிறேன். என்னிடம் இரண்டு ஸ்பின்னிங் ரீல். ஒன்று, சித்தப்பா கப்பல் வேலையில் இருந்தபோது வாங்கி வந்த பென் கம்பெனியின் 704இசட். மற்றது போன வருடம் வாங்கிய 5000 அளவு ரீல். கார்பன் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கத்தோடு விடும் தடை), தண்ணீர் புகாத சீல் எல்லாம் உண்டு.

மழைக்காலம் முடிந்ததும் புது ரீலை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து, மீன் கடித்ததும் ராடை வெட்டித் தூக்கினால் கைப்பிடி அரைச் சுற்று பின்னால் ஓடி, அப்புறம்தான் நிற்கிறது. எல்லா முறையும் இல்லை. காலையில் முதல் சில வீச்சில் அதிகம், வெயில் ஏறினால் குறைகிறது. பழைய பென்னில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. புது ரீல்கள் உப்புத் தண்ணீருக்குத் தாங்காதா? பேசாமல் பழசுக்கே போய்விடலாமா?

துறைமுகத்தான்:
போங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். பென் 1932-இல் பிலடெல்பியாவில் தொடங்கின கம்பெனி. அந்தக் காலத்து ரீல் உடம்பே உலோகம், உள்ளே பாகமும் குறைவு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பாறையிலேயே உட்கார்ந்து பிரித்து மாட்டலாம். இப்போது வருகிறதைத் திறந்தால் மூடத் தெரியாது.

சீலா_பிரியன், தூத்துக்குடி:
அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் இந்தக் கோளாறுக்கு ரீலின் வயது காரணமில்லை. முதலில் ஒரு சோதனை. டிராக்கை முழுசாக இறுக்குங்கள். ரோட்டரை (கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூலைச் சுற்றி ஓடி நூல் சுற்றும் பாகம்) கையால் பின்பக்கமாகச் சட்டென்று தள்ளுங்கள். பத்து தடவையாவது செய்யுங்கள். ரோட்டர் வழுக்கினால் உள்ளே இருக்கும் ஒன்வே கிளட்சில்தான் (ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும் பாகம்) சிக்கல். ரோட்டர் அசையாமல் நூல் மட்டும் ஓடினால் அது வேறு கதை: மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) அடிச்சுற்று இல்லாமல் பிரெய்டை (பின்னல் நூல்) நேராகச் சுற்றியிருப்பார்கள், நூல்கட்டு மொத்தமும் ஸ்பூலில் வழுக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் கிளட்ச்தான். 704இசட் மாதிரி பழைய ரீலில் ஒரு சின்னக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து ரோட்டரை நிறுத்தும். கிரீஸ் கொஞ்சம் கூடினாலும் அது பொறுத்துக்கொள்ளும். அடுத்த பல் வரும்வரை கைப்பிடி சற்று ஆடும், அவ்வளவுதான். புது ரீலில் அந்த ஆட்டமே இருக்கக்கூடாது என்று மெல்லிய உருளைகளை வட்டமாக அடுக்கிய கிளட்ச் வைக்கிறார்கள். பின்னால் திரும்பினால் உருளைகள் ஆப்பு மாதிரி இறுகி, நடுவில் உள்ள ஸ்லீவை (உலோகக் குழாய்) பிடிக்க வேண்டும். கெட்டி கிரீஸ் ஏறினால் உருளைகள் நேரத்துக்கு நகராது. காலைக் குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டியாக இருக்கும், வெயிலில் இளகும். உங்களுக்கு நடப்பது அப்படியே இதுதான். கியருக்குப் பூசிய கிரீஸை கிளட்ச்சிலும் அப்பியிருப்பார்கள்.

ஸ்பூல், ரோட்டர் இரண்டையும் கழற்றினால் அதன் கீழே கிளட்ச் தெரியும். ரோட்டர் நட்டு சில ரீல்களில் எதிர்மரை, திறக்கவில்லை என்று பலம் கொடுக்காதீர்கள். ஸ்லீவ் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சைப் பிரிக்கவே வேண்டாம், உருளையும் ஸ்பிரிங்கும் தெறித்துப் போகும். முழுசாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, காயவிட்டு, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். ரப்பர் சீல் ஊதிப்போகும். ஸ்லீவில் கீறல் விழுந்திருந்தால் கிளட்ச் செட்டையே மாற்றிவிடுங்கள்.

முட்டுக்காடு_தூண்டில்:
அண்ணே, ரோட்டரைத் தள்ளிப் பார்த்தேன், நாலைந்து தடவை வழுக்கியது. திறந்தேன். உருளைகளுக்கு இடையில் வெள்ளை கிரீஸ் அடைந்து கிடந்தது, ஒரு உருளை விரலால் தள்ளினால்கூட நகரவில்லை. ஸ்லீவ் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவே இருக்கிறது. ஆல்கஹாலில் கழுவி மாட்டியபின் வழுக்கவே இல்லை. ரொம்ப நன்றி. அப்படியானால் 704-ஐ எதற்கு வைத்துக்கொள்வது? இன்னொன்று, சீல் இருப்பதால் புதுசைத் தண்ணீரில் முக்கிக் கழுவலாமா?

சீலா_பிரியன், தூத்துக்குடி:
முக்கவே கூடாது. பென் ஸ்பின்ஃபிஷர் 6 என்ற ரீலை எடுத்துக்கொண்டால் அதன் தரம் ஐபிஎக்ஸ்5. பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், முழுகுவதற்கான தரம் அது இல்லை. அலை மேலே அடித்தால் கவலைப்பட வேண்டியதில்லை. உங்களுடையதற்கும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவானாலும் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

704 வேகம் குறைந்த ரீல், கியர் 3.8:1, அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் 3.8 சுற்று. ஸ்பின்ஃபிஷர் 6-இல் 5500 அளவு 5.6:1. வஞ்சிரத்துக்கு லூரை (போலி இரை) வேகமாக இழுக்கப் பழசு ஒத்துவராது, கை ஓய்ந்துபோகும். எடையும் புதுசைவிடக் கூடுதல். இரை போட்டுக் காத்திருக்கும் தூண்டிலுக்கு அருமையான ரீல். அதில் 30 பவுண்டு மோனோ சுற்றுங்கள். மெல்லிய பிரெய்டைப் பழைய ரீல்கள் சீராக அடுக்காது, வீசும்போது முடிச்சு விழும். நூல் உருளும் ரோலரையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும்.

துறைமுகத்தான்:
தம்பி சொன்ன மோனோ விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பழைய டிராக் வாஷர்களைக் கழற்றிவிட்டு பென்னின் எச்டி-100 (HT-100) கார்பன் வாஷர் போடுங்கள், ஓட்டம் திக்காமல் வழவழவென்று போகும். அப்புறம் அந்தக் கொக்கியைத் தள்ளும் ஸ்பிரிங் தலைமுடி கனம்தான் இருக்கும். உப்பில் துருப்பிடித்து அது ஒடிந்தால் பழைய பென்னும் பின்னால் சுற்றும். உபரியாக இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள், கடையில் கேட்கும்போது 704இசட்டுக்கு என்று மாடலைச் சொல்லியே கேளுங்கள்.