ஆள் போன பிறகும் சுவர் அசைகிறது: ஆர்டுயினோ – ப்ராசஸிங் தாமதம், உதவி தேவை

நிழல்சுவர்

வணக்கம். இறுதியாண்டு செயல்திட்டம். நாங்கள் மூன்று பேர்: இருவர் கணினி, ஒருத்தி ஓவியம். வியாழக்கிழமை காட்சிக்கு வைக்க வேண்டும், இப்போது கை உதறுகிறது.

ஒரு நீளமான சுவர். ப்ரொஜெக்டரிலிருந்து அதன் மேல் 800 பறவைகள் பறக்கும். கிரெய்க் ரெய்னால்ட்ஸ் 1986-இல் செய்த அந்தக் கூட்டப் பறத்தல் முறைதான்: பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. சுவருக்குக் கீழே, காதுக்குக் கேட்காத ஒலியால் தூரத்தை அளக்கும் நான்கு அல்ட்ராசோனிக் சென்சார் (எச்.சி.-எஸ்.ஆர்.04). யாராவது வந்து நின்றால் பறவைகள் அவர் பக்கம் திரண்டு வரும். நெருங்கிய பறவைகளுக்கு நடுவில் மெல்லிய கோடு விழும். பார்க்க அழகாக இருக்கிறது, அதில் குறையே இல்லை.

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை நான்கு தூரத்தையும் கமா போட்டு ஒரே வரியாக அனுப்புகிறது. லேப்டாப்பில் ப்ராசஸிங் (படம் வரைவதற்கான நிரல்மொழி), ஃப்ரேமுக்கு ஒரு முறை ஓடும் டிரா ஃபங்ஷனுக்குள் ஒரு வரி படித்துப் பறவைகளை நகர்த்துகிறது. அனுப்பும் வேகம் நொடிக்கு 9600 பிட்.

பிரச்சினை இது. ராத்திரி நான் தனியாகச் சோதித்தால் எல்லாம் சரி. பகலில் நண்பர்கள் நாலு பேர் வந்து நின்றால் முதல் அரை நிமிஷம் ஒழுங்காக இருக்கிறது, அப்புறம் பறவைகள் மந்தமாகின்றன. ஒருவர் இடமிருந்து வலம் நடந்து போய் வாசலைத் தாண்டிய பிறகுதான் பறவைகள் இடப்பக்கம் கூடத் தொடங்குகின்றன. எல்லோரும் வெளியே போன பின்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் அங்கே யாரோ நிற்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. தோழி ஒருத்தி பேய் என்றாள். நிறுத்தித் திரும்ப ஓட்டினால் சரியாகிவிடுகிறது.

பறவைகளை 300 ஆகக் குறைத்தோம். அப்போதும் வந்தது, ஆனால் ரொம்ப நேரம் கழித்து. சென்சார் சூடாகிறதா? லேப்டாப்பில் மெமரி போதவில்லையா?

இன்னொன்று: மூன்றாவது சென்சார் சில நேரம் ஆளே இல்லாமல் ஆள் இருக்கிறார் என்கிறது. இது தனிப் பிரச்சினையா என்று தெரியவில்லை.

வேகத்தடை

9600 எல்லாம் ஆமை வேகம் ப்ரோ. இரண்டு பக்கமும் 115200 ஆக்குங்கள், பறக்கும்.

நிழல்சுவர்

மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே பேய்.

பழைய சால்டரிங்

சென்சார் சூடும் இல்லை, வேகமும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: ஒருவர் போன பிறகு பறவைகள் *அவர் நடந்த அதே வழியில்* நகர்கின்றன. கெட்டுப்போன சென்சார் கண்டபடி உளறும். உங்களுடையது உளறவில்லை. நடந்ததை நடந்தபடியே, தாமதமாக, மெதுவாகச் சொல்கிறது. அப்படியென்றால் தகவல் தொலையவில்லை, எங்கோ ஒரு பஃபரில் வரிசையில் நிற்கிறது.

சந்தேகம் வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். ப்ராசஸிங்கில் சீரியல் போர்ட்டின் (ஆர்டுயினோ அனுப்புவது வந்து சேரும் வாசல்) அவைலபிள் என்ற எண், படிக்காமல் காத்திருக்கும் பைட் எத்தனை என்று சொல்லும். அதைத் திரையின் மூலையில் எழுத வையுங்கள். பக்கத்திலேயே ஃப்ரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்படுகிறது). பறவைகளை மறுபடி 800 ஆக்கி, நாலு பேரை நிற்க வைத்து, இரண்டு நிமிஷம் கழித்து இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். ஆர்டுயினோ கோடில் லூப்புக்குள் டிலே (சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை) ஏதாவது இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

நிழல்சுவர்

டிலே இல்லை அண்ணா. ஒரு சென்சார் முடிந்ததும் அடுத்தது, நான்கும் முடிந்ததும் அனுப்புதல்.

ஆளில்லாதபோது மூலையில் 0, எப்போதாவது 15. ஃப்ரேம் ரேட் 55 பக்கம். நாலு பேர் நின்றதும் எண் ஏறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. இரண்டு நிமிஷத்தில் 27,000. ஃப்ரேம் ரேட் 25. எண் ஏறுவதைப் பார்த்து எல்லோரும் கொஞ்சம் பயந்துவிட்டோம்.

பழைய சால்டரிங்

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை.

27,000 என்பதுதான் உங்கள் பேய். கணக்கைப் பாருங்கள். "87,120,45,200" என்பதுபோல் ஒரு வரி, வரி முடிவுக் குறிகளோடு சேர்த்து சுமார் 15 பைட். 27,000 பைட் என்றால் 1,800 வரி. டிரா ஒரு ஃப்ரேமுக்கு ஒரு வரிதான் படிக்கிறது, நொடிக்கு 25. 1,800 வரியைத் தீர்க்க 72 நொடி. நீங்கள் "ஒரு நிமிஷத்துக்கு மேல்" என்று எழுதியது அதுதான்.

ராத்திரி ஏன் வரவில்லை என்பதுதான் இதில் ருசியான பகுதி. இந்த சென்சார் ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் சுமார் 38 மில்லி நொடி காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும். நான்குக்கும் சேர்த்து 150 மில்லி நொடி, நொடிக்கு ஆறேழு வரி. உங்கள் டிரா 55 படிக்கும். வரிசையே உருவாகாது.

ஆள் ஒரு மீட்டரில் வந்து நின்றால் எதிரொலி 6 மில்லி நொடியில் திரும்பிவிடும். நான்கும் 25-க்குள் முடிந்துவிடும், நொடிக்கு 40 வரி. அதே நேரத்தில் பறவைகள் திரள்கின்றன, கோடுகள் கூடுகின்றன, ஃப்ரேம் ரேட் 25-க்கு இறங்குகிறது. கூட்டம் வந்தால் வரத்து கூடுகிறது, செலவு குறைகிறது, இரண்டும் ஒரே சமயத்தில். நொடிக்கு 15 வரி மீதம். 300 பறவையில் ஃப்ரேம் ரேட் 40-ஐ ஒட்டி வந்திருக்கும், அதனால்தான் தாமதம் மெதுவாக ஏறியது.

வேகம் ஏன் உதவவில்லை? 9600-இல், ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று நொடிக்கு 960 பைட் போகும். உங்களுக்குத் தேவை 600. குழாய் போதுமானதாகத்தான் இருந்தது, குடிக்கிறவர்தான் மெதுவாகக் குடிக்கிறார்.

மாற்ற வேண்டியது ஒன்றே: டிராவில் ஒரு வரி படித்து நிறுத்தாதீர்கள். இருக்கிற வரி எல்லாவற்றையும் வைல் லூப்பில் (தீரும் வரை திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) படித்து, கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் ஆள் எங்கே நின்றார் என்பது பறவைக்கு எதற்கு?

ஒற்றைப்பைட்

அக்கா சொல்வது சரி. ஆனால் நான் இப்படிச் செய்ய மாட்டேன். தேவையில்லாததை அனுப்பச் சொல்லி அப்புறம் வீசுவானேன்? ப்ராசஸிங் ஒரு எழுத்தை அனுப்பட்டும், அது வந்தால் மட்டும் ஆர்டுயினோ ஒரு வரி பதில் தரட்டும். வரிசை என்ற பேச்சே கிடையாது.

பழைய சால்டரிங்

நல்ல முறைதான். ஆனால் ஒரு எழுத்து தொலைந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். தவிர, சீரியல் போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ ரீசெட் ஆகும். முதல் கேள்வி அந்த இடைவெளியில் காணாமல் போகும், "ஒன்றுமே வரவில்லை" என்று இவர் நாளைக்கு இன்னொரு இழை போடுவார். பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று எழுதத் தெரிந்தால் செய்யலாம். வியாழக்கிழமை காட்சி என்கிறார், நான் வைல் லூப்போடு நிறுத்திக்கொள்வேன்.

நிழல்சுவர்

வைல் லூப் எழுதினேன். இரண்டு நொடி ஓடிவிட்டு நல் பாயின்ட்டர் பிழை காட்டி நின்றது. கமாவில் வரியைப் பிரிக்கும் இடத்தில்.

ஒற்றைப்பைட்

அவைலபிள் 0-ஐவிட அதிகம் என்றால் பைட் இருக்கிறது என்று அர்த்தம், *முழு வரி* இருக்கிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் பார்க்கும் நொடியில் "87,12" வரைதான் வந்திருக்கும். வரி முடிவு வரை படி என்றால் முடிவு இன்னும் வராததால் நல் (null, ‘ஒன்றுமில்லை’) திரும்பும். நீங்கள் கடைசி வரிக்கான இடத்தில் அந்த நல்லையே எழுதியிருப்பீர்கள். நல் வந்தால் லூப்பை விட்டு வெளியே வாருங்கள், பழைய வரி அப்படியே இருக்கட்டும். பாதி வரி எங்கும் போகாது, அடுத்த ஃப்ரேமில் மீதியோடு கிடைக்கும்.

நிழல்சுவர்

ஓடுகிறது! நாலு பேர், பத்து நிமிஷம். எண் 60-ஐத் தாண்டவில்லை. பறவைகள் நடக்கிறவர் கூடவே வருகின்றன. ரொம்ப நன்றி அக்கா, உங்களுக்கும்.

மூன்றாவது சென்சார் மட்டும் இன்னும் பொய் சொல்கிறது.

பழைய சால்டரிங்

அது பொய் இல்லை, பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறது. இரண்டாவது அனுப்பிய ஒலி பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டு உடனே திரும்பிவிட்டது, ஆனால் அதே ஒலியின் மிச்சம் தூரத்துச் சுவர் வரை போய்த் தாமதமாக வருகிறது. அதற்குள் நீங்கள் மூன்றாவதைத் தட்டிவிட்டீர்கள். எல்லா சென்சாரும் அதே 40 கிலோஹெர்ட்ஸ் என்பதால் யாருடைய ஒலி என்று அதற்குத் தெரியாது.

வரிசையை 2, 4, 1, 3 என்று மாற்றுங்கள், ஒரு சுற்றுக்குள் அடுத்தடுத்த இரண்டு தொடர்ந்து ஒலிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி நொடி ஒதுக்குங்கள், சீக்கிரம் முடிந்தாலும் காத்திருக்கட்டும். உங்களுக்கு இரண்டு மீட்டர் போதுமென்றால் பல்ஸ்இன்னுக்கு (எதிரொலி நேரத்தை அளக்கும் கட்டளை) 12,000 மைக்ரோ நொடி வரம்பு கொடுங்கள். ஒலி இரண்டு மீட்டர் போய்த் திரும்ப அவ்வளவுதான் ஆகும்.

இதற்கப்புறம் நொடிக்கு 8 வரிதான் வரும். இதை மட்டும் முதலில் செய்திருந்தாலும் தாமதம் மறைந்திருக்கும், காரணம் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். வைல் லூப்பை எடுத்துவிடாதீர்கள்.

நிழல்சுவர்

செய்தேன். இப்போது ஆளே இல்லாத சென்சாரை நோக்கி 800 பறவையும் பாய்கின்றன!

வேகத்தடை

இது எனக்குத் தெரியும்! வரம்புக்குள் எதிரொலி வராவிட்டால் பல்ஸ்இன் 0 தரும். உங்கள் கோடுக்கு 0 என்றால் ஆள் சென்சாரை ஒட்டி நிற்கிறார் என்று அர்த்தம். 0 வந்தால் யாருமில்லை என்று எழுதுங்கள். (முதல் பதிலுக்கு இது பரிகாரம்.)

நிழல்சுவர்

ஆமாம், அதேதான். சரியாகிவிட்டது. நொடிக்கு 8 என்பதால் பறவைகள் கொஞ்சம் வெட்டி வெட்டி நகர்ந்தன, பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு லெர்ப் (படிப்படியாக நகர்த்தும் கட்டளை) போட்டு இழுத்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒருவன் மட்டும் பாதி நேரம் தெரிவதில்லை.

பழைய சால்டரிங்

கம்பளி ஒலியைக் குடித்துவிடும். கழற்றச் சொல்லுங்கள், அல்லது பேயாகவே இருக்கட்டும்.

ஈரச்சுண்ணாம்பு

ஓவியம் படிக்கிறவள், இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வருத்தம். ஒருவர் போன பிறகு அவர் நடையைச் சுவர் நினைத்துப் பார்க்கிறது என்பதுதானே இந்த முழு இழையிலும் நல்ல விஷயம்? அதைக் கொன்றுவிட்டீர்களே. டான் கிரஹாம் 1974-இல் கண்ணாடிச் சுவர்களும் கேமராவும் திரையும் வைத்து, பார்க்க வருகிறவருக்கு அவரையே 8 நொடி தாமதமாகக் காட்டினார். தாமதம்தான் அந்தப் படைப்பே.

நிழல்சுவர்

எங்கள் ஓவியத் தோழியும் நேற்றிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் எங்களுடையது சில நேரம் 5 நொடி, சில நேரம் 72. கூட்டத்தைப் பொறுத்தது.

பழைய சால்டரிங்

அதுதான் வித்தியாசம். அவருடைய 8 நொடியை அவர் தேர்ந்தெடுத்தார். உங்களுடையதை பஃபர் தேர்ந்தெடுத்தது. வேண்டுமென்றால் நீங்களே செய்யுங்கள்: படித்த ஒவ்வொரு வரியையும் மில்லிஸ் (நிரல் தொடங்கி எத்தனை மில்லி நொடி ஆனது என்ற எண்) நேரத்தோடு ஒரு பட்டியலில் போட்டுவையுங்கள், 8 நொடிக்கு முந்தையதை எடுத்துப் பறவைக்குக் கொடுங்கள். 64 வரி பின்னால் என்று எண்ணிக்கையை வைத்துச் செய்யாதீர்கள், ஒரு வரி தவறினால் தாமதம் நகர்ந்துவிடும்.

நிழல்சுவர்

காட்சி முடிந்தது. 600 பறவை உடனே வந்தன. 200 பறவை, கொஞ்சம் வெளிறிய நிறம், 8 நொடி கழித்து வந்தன. நிறம் தோழியின் யோசனை. நிறையப் பேர் போய்விட்டுத் திரும்பி வந்து, தாங்கள் நின்ற இடத்தில் வெளிறிய கூட்டம் சுற்றுவதைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பையன் அவற்றைப் பிடிக்க ஓடி, அவன் ஓடியதே 8 நொடியில் திரும்பி வந்து, மறுபடி ஓடி, அம்மா தூக்கிக்கொண்டு போகும் வரை விடவில்லை.

மூலையில் எழுதிய எண்ணை எடுக்க மறந்துவிட்டோம். ஒரு பெரியவர் சுவரை விட்டுவிட்டு அதன் எதிரிலேயே நின்றார். 0, 15, 0, 0, 15. இது என்ன என்று கேட்டார். காத்திருக்கிறவர்களின் எண்ணிக்கை என்றேன். தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.