அந்த ரசவடை யார் காசு?

பறக்கைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசாங்கம் செய்யாததையெல்லாம் சேவைச் சங்கங்கள்தான் செய்கின்றன. வாரம் தவறாமல் கூடித் திட்டம் போடுவதால்தான் இது நடக்கிறது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வாரம் தவறாமல் கூடுகிறார்கள், சரி. கூடி என்ன செய்கிறார்கள்? போன மாதம் ஒரு சங்கத்தின் கூட்டப் படம் பார்த்தேன். பின்னால் இலவசக் கண் சிகிச்சை முகாம் பேனர். முன்னால் நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் கிண்ணத்தில் இரண்டு ரசவடை, மேலே மல்லியிலை, பக்கத்தில் சாயா.

அதே முகாமுக்கு என் அத்தையும் போனார். காலை முதல் பஸ்ஸில் கிளம்பியவருக்கு மதியம் வரை ஒரு பன்தான். வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள், அறுவை செய்ய வேண்டிய கண் அது என்பதற்கு அடையாளமாக. அப்புறம் பிரஷர் பார்த்துவிட்டு, கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்திரியோடேயே வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் அதை எடுக்கவில்லை, மறுபடி கூப்பிடுவார்கள் என்று. நான் கேட்பது ஒன்றுதான். பேனருக்குக் கீழே வைத்துத் தின்ற அந்த ரசவடை யார் காசு?

முன்னாள் பொருளாளர்:
தம்பி, நேற்று அதை எழுதியவன் நான்தான். நான் ரோட்டரிக்காரன், சேர்ந்து 19 வருஷம், அதில் மூன்று வருஷம் பொருளாளர். எந்த ஊர்ச் சங்கம் என்பது இங்கே வேண்டாம். நீங்கள் சொல்லும் படம் எனக்குத் தெரியும். அது முகாம் அன்று எடுத்த படமே இல்லை. அதற்கு முந்தைய வியாழக்கிழமைக் கூட்டம். அச்சகத்திலிருந்து பேனர் வந்தது, பிழை இருக்கிறதா என்று பார்க்க விரித்துக் கட்டினோம். அவ்வளவுதான்.

காசு விஷயம். சந்தாவுக்கு ஒரு கணக்கு, சேவைக்கு ஒரு கணக்கு. இரண்டு பாஸ்புத்தகம். வடையும் சாயாவும் ஹால் வாடகையும் சந்தாவிலிருந்து போகும். முகாமுக்கென்று வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய் இந்தப் பக்கம் வராது. மூன்று வருஷம் நான் எழுதிய கணக்கு அது, என் கையெழுத்து.

உங்கள் அத்தையைத் திருப்பி அனுப்பியதும் அவர் நல்லதுக்குத்தான். பிரஷர் ஏறியிருக்கும்போது கண்ணில் கத்தி வைக்க எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். மாத்திரை சாப்பிட்டு இறக்கிவிட்டு அடுத்த முகாமுக்குக் கூட்டிவாருங்கள்.

பறக்கைக்காரன்:
அண்ணாச்சி, பிரஷர் கதை எனக்கும் தெரியும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அதை விடுங்கள். பிழை பார்க்க பேனரை விரித்தோம் என்கிறீர்கள். என்ன பிழை இருந்தது?

முன்னாள் பொருளாளர்:
"சிகிட்சை" என்று அடித்திருந்தார்கள். "சிகிச்சை" என்று மாற்றச் சொன்னோம்.

பேச்சிப்பாறை சிஸ்டர்:
அதில் என்ன பிழை? விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் நாங்கள் சிகிட்சை என்றுதான் சொல்வோம். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்பதற்காக வாயில் இருக்கும் சொல்லையும் திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டா வரமுடியும்? படிக்கத் தெரியாத கிழவிக்கு எந்த எழுத்தானால் என்ன.

முன்னாள் பொருளாளர்:
சிஸ்டர், பேச்சு வேறு, பேனர் வேறு. முகாம் அன்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. எங்கள் பேரில் ஒரு பிழை தொங்கக்கூடாது.

பறக்கைக்காரன்:
பிடிபட்டீர்கள் அண்ணாச்சி. படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் "சிகிச்சை" என்று சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அது திருத்திய பிறகு எடுத்த படம். அதாவது வியாழக்கிழமை இல்லை, முகாம் அன்று. முகாமில்தான் ரசவடை தின்றிருக்கிறீர்கள்!

முன்னாள் பொருளாளர்:
புதிதாக யார் பேனர் அடித்தது? வீண் செலவு என்று அந்த ஓர் எழுத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். கூட்டத்திலேயே ஒட்டினோம். ஒட்டிய பிறகு எடுத்த படம் அது. இன்னும் பெரிதாக்குங்கள், "ச்" மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

பறக்கைக்காரன்:
பெரிதாக்கினேன். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. ரசவடை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

மட்டிப்பழம்:
அண்ணன்மார் இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கூட்டம் எதற்கு, சேவை என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் என்ன? உறுப்பினர்கள் தமக்குள் பழகுவதும் சங்கத்தின் நோக்கமா, இல்லையா? அதைத் தீர்த்தால் வடையும் தீர்ந்துவிடும்.

பறக்கைக்காரன்:
தம்பி, அதெல்லாம் பட்டிமன்றத்துக்கு. எனக்கு வேண்டியது படத்தின் தேதி.

முன்னாள் பொருளாளர்:
மட்டிப்பழம் தம்பி கேட்டதால் சொல்கிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்த நாளிலிருந்து வருகிற வழக்கம் இந்தக் கூட்டம். ஒரு தடவை ஒருவர் அலுவலகம், அடுத்த தடவை இன்னொருவர் அலுவலகம் என்று முறைவைத்துச் சுழன்றதால்தான் ரோட்டரி என்றே பெயர் வந்தது. நீங்கள் கேலி செய்யும் அந்தச் சாப்பாட்டுக்கு வாருங்கள். முதல் கூட்டத்துக்கு முன்னால் ஹாரிசும் ஷீலே என்ற நிலக்கரி வியாபாரியும் ஓர் இத்தாலிய உணவகத்தில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சேர்ந்து உண்டால்தான் சேர்ந்து உழைக்க மனசு வரும். 1907-இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தார்கள், அதுதான் முதல் சேவை. அப்படி வளர்ந்தது.

பறக்கைக்காரன்:
"சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்." நீங்கள் எழுதியதுதான். கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பேனர் கட்டியும் சாப்பிடவில்லை. பொதுக் கழிப்பறை நல்ல யோசனை. சந்தைக்கு வரும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை அதைப் பேசுங்கள். அப்புறம் இன்னொன்று. "வாரம் தவறாமல்" என்று மார் தட்டுகிறீர்களே, 2016-இல் உங்கள் தலைமையே மாதம் இரண்டு தடவை கூடினால் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டது. இரண்டு கூட்டத்தைக் குறைத்தால் இரண்டு வாரத்து ரசவடை மிச்சம்.

முன்னாள் பொருளாளர்:
தளர்த்தியது உண்மை. நாங்கள் தளரவில்லை. முன்பெல்லாம் ஒரு வாரம் வரமுடியாவிட்டால் வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய் வருகையை ஈடு செய்ய வேண்டும். மகள் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்குள்ள கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவன் நான். 2020-இல் ஊரடங்கு வந்தபோதும் கைபேசியில் கூடினோம். அன்று யார் வடை கொடுத்தார்கள்? வடைக்காகத்தான் வருகிறோம் என்றால் அன்றே சங்கம் கலைந்திருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், இரண்டு கணக்கு, இரண்டு பாஸ்புத்தகம்.

தக்கலை லயன்:
கண் முகாம் பேச்சு வந்ததால் நுழைகிறேன். 1925-இலேயே ஹெலன் கெல்லர் எங்கள் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காக நிற்கும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் எங்கள் வேலை. மற்றவர்கள் பின்னால் வந்து பேனர் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் முகாமில் வருகிறவர்களுக்கு இட்லி கொடுக்கிறோம். பன் இல்லை.

முன்னாள் பொருளாளர்:
லயன் சார், நீங்கள் 1917-இல் பிறந்தவர்கள், நாங்கள் 12 வருஷம் மூத்தவர்கள். யார் பின்னால் வந்தது? கண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், போலியோவைப் பேசுவோமா? 1985-இல் உலகம் முழுக்கப் போலியோவை ஒழிப்போம் என்று கையில் எடுத்தது ரோட்டரி. இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரி 13, மேற்கு வங்கம், ஹவுரா. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இன்று உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் கால் சூம்பவில்லை என்றால் அதற்கு யார் காரணம்?

பேச்சிப்பாறை சிஸ்டர்:
யார் காரணம் என்று நான் சொல்கிறேன். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு விடியுமுன்னே வேலை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போகவேண்டும். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன், ஐஸ் உருகி முட்டியெல்லாம் ஈரமாகும். இறங்கிய பிறகு அட்டை கடிக்கிற பாதையில் ஏறவேண்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை என்றாலும் போய், இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். அந்தப் படகில் ஒரு நாளும் சங்கத்துக்காரர் யாரையும் நான் பார்க்கவில்லை. பஸ் நிலைய பூத்தில், படம் எடுக்கும் நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் பொருளாளர்:
சிஸ்டர், உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் உறுப்பினர்கள் அன்று பூத்துகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வண்டி கொடுத்தார்கள். அதைப் பார்க்கவில்லையா?

பேச்சிப்பாறை சிஸ்டர்:
பொட்டலம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். மலைக்கு நாங்கள் மரச்சீனி அவித்துக் கொண்டுபோவோம். இன்னொன்றும் கேட்கிறேன். 1987 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத சங்கம்தானே உங்களுடையது? அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதானே? இன்று உங்கள் வியாழக்கிழமை மேசையில் எத்தனை பெண்கள்?

முன்னாள் பொருளாளர்:
இருக்கிறார்கள். போன வருஷச் செயலாளரே பெண். முகாமுக்கு ஆள் திரட்டியதே அவர்தான்.

பறக்கைக்காரன்:
படத்தில் ஒரு பெண்ணும் இல்லை. மேசையில் வடைதான் இருக்கிறது.

முன்னாள் பொருளாளர்:
அவர்தானே படம் எடுத்தது!

குளச்சல் வள்ளம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வடையைப் பற்றிக் கவலை இல்லை, பெயரைப் பற்றித்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வள்ளம், வலை, என்ஜின் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அப்புறம் ஒரு அமைப்பு ஃபைபர் வள்ளம் தந்தது. நன்றி மறக்கவில்லை, அந்த வள்ளத்தில்தான் நாங்கள் மறுபடி அடுப்பு மூட்டினோம். ஆனால் வள்ளத்தின் இரண்டு பக்கமும் அவர்கள் பெயர், ஒரு முழ உயரத்தில். எங்கள் அப்பா புனித அந்தோணியார் பெயரை எழுத இடம் தேடி, கடைசியில் பின்பக்கம் என்ஜினுக்குக் கீழே எழுதினார். உப்புக்காற்றில் எங்கள் பெயிண்ட் உதிர்ந்தது, அவர்கள் பெயிண்ட் உதிரவில்லை. கொடுத்ததை ஊருக்குக் காட்டத்தான் வேண்டுமா?

முன்னாள் பொருளாளர்:
வள்ளம் தம்பி, பணம் கொடுத்தவன் எங்கோ வெளியூரில் இருப்பான். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று அவன் படத்தில் பார்க்க வேண்டும். பெயர் எழுதாமல் விட்டால், காசை நாங்களே தின்றுவிட்டோம் என்று இதே பறக்கைக்காரர் வந்து நிற்பார். எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம்.

குளச்சல் வள்ளம்:
நான் கேட்டது அளவை. ஒரு சாண் போதாதா?

தக்கலை லயன்:
எங்கள் சங்கம் பெயரைச் சின்னதாகத்தான் போடும்.

பேச்சிப்பாறை சிஸ்டர்:
லயன் சார், தக்கலைப் பக்கம் ஒரு பேருந்து நிழற்குடையில் ஊர்ப் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கிறது. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியாது. அது யாருடையது என்று நான் சொல்லவேண்டுமா?

தக்கலை லயன்:
அது முந்தைய தலைவர் காலத்தில் வைத்தது. இப்போது உள்ளவர்களைச் சொல்லக்கூடாது.

மட்டிப்பழம்:
நான் முதலில் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன்...

முன்னாள் பொருளாளர்:
மட்டிப்பழம் தம்பி, கொஞ்சம் இருங்கள். பறக்கைக்காரரே, நேராகக் கேட்கிறேன். உங்களுக்குச் சங்கத்தின் மேல் கோபமா, என் மேல் கோபமா? ஆறு வருஷத்துக்கு முன் நீங்கள் உறுப்பினராக விண்ணப்பம் கொடுத்தீர்கள். எடுக்கவில்லை. அந்த நாளிலிருந்தே இங்கே எதை எழுதினாலும் சங்கத்தைத்தான் இழுக்கிறீர்கள்.

பறக்கைக்காரன்:
விண்ணப்பம் கொடுத்தது உண்மை. ரத்ததான முகாமில் மூன்று தடவை படுத்து ரத்தம் கொடுத்தவன் என்று நம்பிக் கொடுத்தேன். என்ன தொழில் என்று கேட்டீர்கள், சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறேன் என்றேன். அப்புறம் பதிலே வரவில்லை. வேண்டாம் என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் வடைக்கும் சம்பந்தம் இல்லை. என் அத்தை பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்த அன்றைக்கு எடுத்த படம் அது. அதைத்தான் சொல்கிறேன்.

முன்னாள் பொருளாளர்:
ஆட்டோ என்பதால் யாரும் ஒதுக்கவில்லை. அந்தத் தொழில் வகையில் ஏற்கனவே... சரி, அதை இங்கே பேசக்கூடாது, குழு முடிவு அது. படத்துக்கு வாருங்கள். வியாழக்கிழமை எடுத்தது. ஸ்டிக்கர் ஒட்டியது. சந்தாக் காசு. மூன்றும் உண்மை. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஹாலுக்கு வாருங்கள், இரண்டு பாஸ்புத்தகத்தையும் மேசையில் வைக்கிறேன். பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

பறக்கைக்காரன்:
பாஸ்புத்தகத்தில் தேதி இருக்கும், வடை எங்கே வைத்துத் தின்றீர்கள் என்று இருக்காது. படம் எடுத்தவரிடம் அந்தக் கைபேசியை வாங்கித் தேதியைப் போடுங்கள். என் அத்தையும் பார்க்கட்டும்.

முன்னாள் பொருளாளர்:
அவர் இப்போது மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறார். வந்ததும் போடுகிறேன். அதுவரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான். இரண்டு கணக்கு, இரண்டு பாஸ்புத்தகம்.

பறக்கைக்காரன்:
வரட்டும். நான் இங்கேதான் இருப்பேன்.

பேச்சிப்பாறை சிஸ்டர்:
பறக்கைக்காரத் தம்பி, அத்தைக்குப் பிரஷர் மாத்திரை தொடங்கியாச்சா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். திங்கட்கிழமையே கூட்டிப்போங்கள்.

முன்னாள் பொருளாளர்:
அதைத்தான் நானும் இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்.